வலியின் அருமை அறிந்த மருத்துவர்

பால் பிராண்ட் 1914இல் தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

தொழுநோயாளிகளின் சதை தானாகவே அழுகுகிறது என்று அன்று பலர் நம்பினர். பிராண்ட் கூர்ந்து கவனித்தார். நோய் நரம்பைத் தாக்கி உணர்வைப் பறிக்கிறது. வலி தெரியாததால் புண்பட்ட காலை ஊன்றியே நடக்கிறார்கள். அதனால்தான் புண் ஆறுவதில்லை என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்ததும் நாட்பட்ட புண்களும் ஆறின.

1966இல் அமெரிக்கா சென்றவர், உணர்விழந்த இனிப்புநீர் நோயாளிகளின் பாதங்களுக்கும் இம்முறையைப் பயன்படுத்தினார். 2003இல் மறைந்தார்.

ஜித்ராவிலிருந்து தாதியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் மாணவர்களே, புண்ணுக்குக் கட்டுப்போடுவது பாதி வேலைதான். அது ஏன் ஆறவில்லை என்று தேடுவதே மீதி.