அசையாதிருக்கும் பத்து நிமிடங்கள்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியை நாம் பெரும்பாலும் தேவதாசி முறை ஒழிப்போடு சேர்த்தே நினைவுகூர்கிறோம். சட்டமன்றத்தில் அவர் நடத்திய போராட்டம் அத்தனை பெரியது. அதன் நிழலில் அவருடைய இன்னொரு பணி சற்றே மறைந்துபோயிற்று. எங்கள் காவிரிக் கரையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஒரு வீட்டில் முதலில் உச்சரிக்கப்படும் பெயர் இன்றும் அடையாறுதான். அந்த அடையாற்றை உண்டாக்கியவர் அவர்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் இடம்பெறுவதே பெரும்பாடாயிற்று. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. என்னைப் பாதித்தது அவருடைய தங்கையின் மரணம்.

சுந்தராம்பாளுக்கு வந்தது மலக்குடல் புற்று. முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. இன்ன நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. உடன்பிறந்தவள் மருத்துவராக இருந்தும் காப்பாற்ற வழியில்லை. அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1925-இல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வேரூன்றியிருந்த காலம். இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மகன் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதைத் தாங்கி நின்றனர்.

1957-இல் அங்கு கோபால்ட்-60 கதிர்சிகிச்சைக் கருவி நிறுவப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. கதிரைக் கொண்டுவந்துவிடலாம், நோயாளியை அசையாமல் கிடத்துவது வேறு கலை. ஒரே நாளில் முடிகிற சிகிச்சையன்று இது. வாரத்துக்கு ஐந்து நாளாக, ஆறு ஏழு வாரங்கள், ஒவ்வொரு நாளும் அதே மேசையில் அதே கிடையில் படுக்கவேண்டும். தொண்டைக் கட்டிக்கும் முதுகுத் தண்டுக்கும் இடைவெளி சில வேளை ஒரு நெல்மணியின் அளவே இருக்கும். தலை அவ்வளவு திரும்பினாலும் கதிர் படக்கூடாத இடத்தில் படும்; படவேண்டிய கட்டியின் ஓரம் தப்பிவிடும். அந்நாளில் உலகெங்கும் மணல் மூட்டையும் பட்டைக்கட்டும் பாரிஸ் சாந்து அச்சுமே துணை. சுவீடனின் லார்ஸ் லெக்செல் 1949-இல் மூளைச் சிகிச்சைக்காக மண்டையோட்டிலேயே திருகிப் பொருத்தும் சட்டத்தை அறிவித்திருந்தார். எல்லோருக்கும் அது ஏலாது.

இன்று சல்லடைக் கண் கொண்ட நெகிழித் தகடு வந்துவிட்டது. வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் விரித்து அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் இறுகி அந்த ஒரு முகத்துக்கு மட்டுமே பொருந்தும் கவசமாகிறது. அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். என் அத்தைக்கு அதைச் செய்தபோது உடனிருந்தேன். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகளுக்கிடையே வளர்ந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலை அதன்மேல் பூசுவார்கள். மெழுகின் ஒவ்வொரு வரியும் மண்ணில் பதியும். உலோகம் வார்க்கும்போது அச்சு அசைந்துவிடாமல் மண்ணில் புதைத்து வைப்பார்கள். சிலைக்கு மூச்சு முட்டுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. கவசத்துக்குள் அத்தைக்கு முதல் இரண்டு நாள் நெஞ்சு படபடத்தது. கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் மலைக்கோயிலின் அறுபது படிகளையும் ஏறப் பழகிக்கொண்டார். நான்காம் வாரம் உணவு இறங்காமல் முகம் ஒடுங்க, கவசம் தளர்ந்து, புதிதாக ஒன்று செய்யவேண்டியதாயிற்று.

பத்து நிமிடம் அசையாமலிருக்க ஏழு வாரம் ஊரை விட்டிருக்கவேண்டும். நடவுக் கூலியை நம்பிய குடும்பம் சென்னையில் எங்கே தங்கும்? பாதியில் திரும்பிவிட்ட இருவரை என் தெருவிலேயே அறிவேன். கதிர்க்கருவி வாங்கும் திட்டங்களில் நோயாளி தங்கும் விடுதிக்கும் நிதி ஒதுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்ட முத்துலட்சுமிக்கு, தங்க இடமின்மை என்னவென்று யாரும் விளக்கவேண்டியிருந்திராது.

1956-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். கோபால்ட்டின் இடத்தைப் பின்னாளில் பெருமளவு பிடித்துக்கொண்ட நேர்கோட்டு முடுக்கி, அவர் எழுப்பிய அதே மருத்துவமனைக்கு 1976-இல் வந்தது.