கால்வின் வரலாறும் அவர்தம் தெரிவுக் கொள்கையும்

பிற சமயங்களைப் பற்றிப் பேசப் புகுவாருட் பலர், அச்சமயத்தார் கூறாதவற்றையும் கூறியவாக வைத்துக்கொண்டு மறுத்து மகிழ்தலைக் காண்கின்றோம். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் அவ்வச் சமயத்தார் கூற்றை அவரே உடன்படுமாறு முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுத்தருளினர். அம்முறையை உட்கொண்டு, ஐரோப்பாவிற் கிறிஸ்து சமயத்தைச் சீர்திருத்திய தலைவருள் ஒருவராகிய ஜான் கால்வினுடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். இறைவன் உலகம் தோன்றுமுன்னரே சிலரை இரட்சிப்பிற்கும் சிலரை முடிவில்லா நரகிற்கும் தன் திருவுளம் ஒன்றனாலேயே குறித்துவிட்டான் என்னுங் கொள்கை இவர் பெயரோடு இணைத்து வழங்கப்படுகின்றது. உயிர் தன் முயற்சியால் வீடு பெறாது, திருவருளாலேயே பெறும் என்று வற்புறுத்திய ஒருவர், அத்துணைக் கடிய முடிபிற்கு எவ்வாறு சென்றார் என்பதே எம் வினா.

கால்வின் பிரான்சு தேயத்தின் வடபாலுள்ள நுவாயோன் என்னும் ஊரில் 1509-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மேற்றிராணியாரைச் சார்ந்து பத்திரமும் கணக்கும் எழுதும் உத்தியோகத்தர். அன்னையார் இவர் இளமையிலேயே இறந்தனர். தந்தையார் செல்வாக்கினால், பன்னிரண்டு வயது நிரம்பப்பெறாத இச்சிறுவருக்கு நுவாயோன் பெருங்கோயிலிலுள்ள ஒரு பீடத்தின் மானிய வருவாய் 1521-இல் உரியதாக்கப்பட்டது. பூசை புரிவோர் வேறொருவர், வருவாய் இவர்க்கு. இவ்வழக்கு அக்காலத்து அங்குப் பெருவழக்காயிருந்தது. அவ்வருவாய்கொண்டு பாரிசு நகரிற் பயின்ற இவரைக் குருத்துவத்திற்கு அனுப்பும் எண்ணத்தைத் தந்தையார் பின்னர் மாற்றிக்கொண்டு, சட்டம் பயிலுமாறு ஓர்லேயான், பூர்ஷ் ஆகிய நகரங்களுக்கு விடுத்தார். கோயிற் கணக்குப் பற்றிய வழக்கொன்றிற் சபைத் தலைவரோடு முரணிச் சபைக்குப் புறம்பாக்கப்பட்ட நிலையிலேயே அத்தந்தையார் 1531-இல் இறந்தார். மகனார் உள்ளத்தில் அது தழும்பாய் நின்றிருக்கும் என்று யாம் கருதுகின்றோம். சட்டக் கல்வியோ அவர் எழுத்திற் கடைசிவரை விளங்கிற்று. ஒரு முதற்கோளை உடன்பட்டால் அதன் முடிபு எத்துணைக் கசப்பாயினும் விழுங்கியே தீர்தல் வேண்டும் என்னும் வழக்கறிஞர் துணிவு அவரிடத்து மிக்கிருந்தது.

1533-ஆம் ஆண்டையொட்டி இவர் சீர்திருத்தக் கொள்கையிற் புகுந்தார். 1534-இல் மானிய வருவாய்களைத் துறந்தார். அவ்வாண்டின் இறுதியில் அரசன் சீர்திருத்தக்காரரைக் கடிதின் ஒறுக்கத் தொடங்கவே, தாயகம் விட்டுச் சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரிற் புகலடைந்து, 1536-இல் கிறிஸ்து சமயக் கோட்பாடுகளைத் தொகுத்து இலத்தீன் மொழியில் ஆறு அதிகாரங்களையுடைய சிறு நூலொன்று வெளியிட்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தாறு. இந்நூலையே வாழ்நாள் முழுதும் திருத்தியும் பெருக்கியும் வந்து, 1559-இல் நான்கு பகுதியும் எண்பது அதிகாரமும் உடைய பெருநூலாக நிறைவித்தார்.

ஜெனீவா நகரை இவர் நாடிச் சென்றாரல்லர். 1536-இல் ஸ்டிராஸ்பூர்க்கு நகரிற் போய்த் தனித்திருந்து கற்கக் கருதிப் புறப்பட்டவர், நேர்வழியிற் போர் நிகழ்ந்தமையாற் சுற்றுவழியே சென்று ஜெனீவாவில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அங்கே சீர்திருத்தம் நடாத்திக்கொண்டிருந்த பாரல் என்பார் இவர் வரவறிந்து போந்து, உடனிருந்து உதவுமாறு வேண்டினர். இவர் மறுத்தனர். இத்தேவைக் காலத்து உதவாது நீ நாடும் கல்வியமைதியை ஆண்டவன் சபிப்பானாக என்று பாரல் இடித்துரைத்தலும், விண்ணினின்று ஒரு கை நீண்டு தம்மைப் பற்றி நிறுத்தியதுபோல் அஞ்சி இவர் அங்கே நின்றுவிட்டார். இருபதாண்டு கழித்துச் சங்கீத நூலுரையின் முகவுரையில் இதனை அவரே எழுதியிருக்கின்றார். தம் விருப்பிற்கு மாறாகத் தாம் ஆட்கொள்ளப்பட்டதாகவே அவர் தம் வாழ்வு முழுதையும் கண்டனர். அவர் கொள்கையின் வேரை நூல்களில் மட்டுமன்றி இவ்வனுபவத்திலும் தேடல் வேண்டும்.

நகரமன்றத்தோடு முரணி 1538-இல் பாரலும் இவரும் ஊரினின்று துரத்தப்பட்டனர். ஸ்டிராஸ்பூர்க்கிற் பிரெஞ்சு அடைக்கலத்தார்க்குக் குருவாயிருந்த மூன்றாண்டும் இவர் வாழ்வில் இனிய காலம் எனலாம். அங்கே 1540-இல் இதலெத் என்னும் கைம்பெண்ணை மணந்தார். 1542-இற் பிறந்த ஆண்மகவு சின்னாளில் இறந்தது. 1549-இல் மனைவியாரும் மறைந்தனர். மீண்டும் மணந்தாரில்லை. ஜெனீவாவார் தாமே வேண்டி அழைக்க 1541 செப்டம்பரில் அங்கு மீண்டவர், மூன்றாண்டின் முன் எந்த வசனத்திற் பிரசங்கத்தை நிறுத்தினரோ அதன் தொடர்ச்சியினின்றே தொடங்கினர். பழம்பகை ஒன்றும் பேசினாரில்லை. அன்று தொட்டுக் குருமாரும் மூப்பரும் கூடிய ஒரு மன்றம் வாரந்தோறும் நகரத்தார் ஒழுக்கத்தை ஆராய்வதாயிற்று.

இனி அவர் கொள்கையைக் கூறுதும். முதல் மனிதனது வீழ்ச்சியால் மக்கட்குலம் முழுதும் கெட்டது. கெட்ட உயிர் தன்னியல்பால் இறைவனை நாடமாட்டாது. ஆகலின் ஒருவனிடத்து விசுவாசம் உண்டாயின் அஃது இறைவன் தந்ததேயன்றி அவன் தேடியதன்று. இதுகாறும் கூறியது ஆகஸ்தீனார் கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் நிலைநாட்டியதே. ஆயின், ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இருவருள் ஒருவன் உருகுகின்றான், ஒருவன் கல்லாய் நிற்கின்றான். இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? கேட்டவன் தகுதியினின்று வந்ததெனின் அருள் விலைப்பொருளாய்விடும். ஆகவே தந்தவன் திருவுளத்தினின்றே வந்ததென்றார் கால்வின். கொடுத்தது அவன் தெரிவெனின் கொடாமையும் அவன் தெரிவேயாம். பலர் இவ்விடத்து நாவடக்கிச் செல்ல, இவர் நின்று அதனையும் உடன்பட்டார். அத்தீர்மானம் நடுங்கத்தக்கது என்பதை அவரே மறையாது ஒப்புக்கொள்கின்றார். அதன் காரணத்தை ஆராயப் புகுவான் வெளியேற வழியற்ற சுழல்வழியிற் புகுவான் என்றும், ஒருவன் தன் தெரிவை இறைவனது மறைபொருளிலன்றிக் கிறிஸ்துவாகிய கண்ணாடியிலேயே காணல் வேண்டும் என்றும் எச்சரிக்கின்றார். 1559-ஆம் ஆண்டு நூலில் இப்பொருளை இறைவன் உலகைப் புரக்கும் பகுதியில் வையாது, உயிர் அருள்பெறும் பகுதியில் வைத்தமையும் நோக்கத்தக்கது. எரிக்கப்படுவோம் என அஞ்சித் தாயகந் துறந்து வந்தார்க்கு, உம்மைப் பற்றிய கை உம்முடையதன்று, ஆதலின் நழுவாது என்று ஆறுதல் கூறுதலே அவர் கருத்தாயிருந்தது.

இக்கொள்கை 1551-இல் சோதனைக்குள்ளாயிற்று. போல்செக் என்பார் முன்னர்க் கார்மேல் சபைத் துறவியாயிருந்து சீர்திருத்தத்திற் புகுந்தவர். ஜெனீவாவின் அருகே வாழ்ந்த பலே என்னும் பிரபுவுக்கு வைத்தியர். வெள்ளிக்கிழமைதோறும் குருமாரும் பொதுமக்களும் கூடி வேதவசனம் ஆராயும் கூட்டமொன்று அந்நகரில் நடைபெறும். அக்டோபர் 16-ஆம் நாட் கூட்டத்தில் இவர் எழுந்து, விசுவாசத்தை நோக்கித் தெரிவு நிகழ்வதன்றித் தெரிவினால் விசுவாசம் நிகழ்வதன்று என்றும், காரணமின்றிச் சிலரைக் கேட்டிற்குக் குறிப்பவனைக் கடவுள் என்னாது கொடுங்கோலன் என்றே கூறல் வேண்டும் என்றும், பாவத்திற்கு அவனே கருத்தாவாய்விடுவான் என்றும் வாதித்தனர். தாமதித்து வந்து கூட்டத்தின் பின் நின்று கேட்டிருந்த கால்வின், போல்செக் முடித்தவுடன் முன்வந்து ஏறத்தாழ ஒருமணி நேரம் மேற்கோள்களை அடுக்கி விடையிறுத்தார். விடை கூறியதோடு அமைந்ததன்று. போல்செக் அக்கூட்டத்திலேயே சிறைபிடிக்கப்பட்டார்.

நகரமன்றத்தார் அயலூர்ச் சபைகளின் கருத்தை வேண்டினர். கால்வின் எதிர்பார்த்த அளவு ஆதரவு வந்திலது. பெர்ன் நகரத்தார் மென்மையாக நடத்துக என்றனர். சூரிக்கு நகரத்துப் புல்லிங்கர் கால்வினுக்கு நண்பரேயாயினும், அவர் இப்பொருளைக் கூறிய முறை பலர்க்கு இடறலாய் உள்ளதெனக் குறிப்பிட்டனர். டிசம்பரிற் போல்செக் என்றைக்கும் திரும்பாவண்ணம் ஊரினின்று நீக்கப்பட்டார். தம் வைத்தியர்க்காக மன்றாடிய பலே பிரபுவோடு கால்வின் நட்பும் முறிந்தது. அவர்க்கு 1546-இல் உரிமையாக்கிய உரைநூலின் முகவுரையைக் கால்வின் 1556-இல் அகற்றி வேறொருவர்க்கு உரிமையாக்கினார். போல்செக் பின்னர்க் கத்தோலிக்க சபைக்கே மீண்டு, கால்வின் இறந்து பதின்மூன்றாண்டு கழித்து அவரை இழித்து ஒரு சரித்திரம் எழுதினார். அதிலுள்ள வசைகளை இன்று ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை. ஆயினும் அன்று அவர் எழுப்பிய வினா வசையன்று.

அவ்வினாவை நம் சித்தாந்தத்தின்கண் வைத்து நோக்குவோம். கால்வினைக் கொடியரென்று கூறிவிட்டு மேற்செல்லுதல் எளிது. அவர் முதற்கோளைக் காணுதலே அறிவுடைமை. உயிரை இறைவன் இன்மையினின்று படைத்தான் என்பது கிறிஸ்து சமயத்தார் துணிபு. படைக்கப்பட்ட உயிர்க்கு முன்வினையில்லை; அநாதி மலமும் இல்லை. ஆகவே உயிர்கட்கிடையே காணும் வேற்றுமைக்குக் காரணம் இறைவனாதல் வேண்டும், அன்றேல் உயிரின் சுதந்தரமாதல் வேண்டும், மூன்றாவது ஒன்றில்லை. சுதந்தரம் என்பாரைக் கால்வின், அருளுக்கு இழுக்கு நேருமென்று மறுத்தார். எஞ்சியது ஒன்றே. அவர் பிழைத்தது அனுமானத்திலன்று. பொருள்களை எண்ணிய எண்ணிலேயே. பதியோடு பசுவும் பாசமும் அநாதி என்னும் நமக்கு, வேற்றுமையின் காரணம் மலத்தின்கண் உளதாகின்றது. கதிரவன் ஒருபடித்தாக ஒளிரவும் பக்குவப்பட்ட மொட்டே மலர்தல்போல, திருவருள் யாவர்க்கும் பொதுவாய் நிற்பவும் மலபரிபாகம் உற்ற உயிரிடத்தே சத்திநிபாதம் நிகழும் என்கின்றோம். நிரயத் துன்பமும் வினையைத் தொலைக்கும் மருந்தேயாதலின் அதற்கு முடிவுண்டு. கால்வின் கூறும் நரகிற்கோ முடிவில்லை; அது யாரையும் திருத்துவதற்கன்று, இறைவனது நீதி விளங்குதற்கேயாம்.

இவ்வளவில் வெற்றி முழக்கி அமைதல் தகாது. மலம் தானே பரிபாகமுறுமோ எனின், அது சடமாதலின் உறாது. இறைவனது திரோதான சத்தியே அதனைப் பரிபாகப்படுத்தும். அற்றேல், ஓருயிரின் மலத்தை முன்னரும் பிறிதோருயிரின் மலத்தைப் பின்னரும் பரிபாகப்படுத்துவது ஏன் என்று கால்வினுடைய மாணாக்கர் நம்மை வினவலாம். மலத்தின் சத்தி உயிர்தோறும் அநாதியே வேறுபட்டது என்பது நம் விடை. வேற்றுமையை அநாதிக்குத் தள்ளியதன்றி நீவிர் விளக்கியது யாது என்று அவர் மேலும் வினவுவர். காரணம் கூறப்படாத ஒன்று இருதிறத்தார் மாட்டும் உளது என்பதை ஒளியாது உடன்படுதலே நேர்மை. அதனை அவர் இறைவன் திருவுளத்தில் வைக்க, நாம் மலத்தில் வைத்தோம். அவ்வாறு வைத்தமையால் நம் இறைவன் எவ்வுயிரையும் கைவிட்டவனாகான். இவ்வொரு வேறுபாட்டின் பொருட்டே எத்துணை வாதமும் செய்யத்தகும் என்பது எம் துணிபு.

கிறிஸ்தவர் யாவரும் இக்கொள்கையினர் என்று கருதுதலும் பிழை. ஜெனீவாவிற் பயின்ற ஆர்மீனியசு என்னும் ஒல்லாந்தரே பின்னர் இதனோடு மாறுபட்டனர். அவர் வழியினரை 1618, 1619-ஆம் ஆண்டுகளிற் டோர்ட்டு நகரிற் கூடிய சபை கண்டித்தது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கு நிறுவியது அச்சபைத் துணிபைத் தழுவிய சபையே. நாவலர் பெருமான் இளமையிற் பயின்று தமிழ்ப்பணியும் ஆற்றிய பேர்சிவல் பாதிரியாரின் கலாசாலையோ, முன்குறிப்பைக் கடிந்த வெஸ்லி என்பாரைப் பின்பற்றுவார் நடாத்தியது.

வரலாற்றின் எஞ்சிய பகுதியிலும் மறைக்கலாகாத நிகழ்ச்சியொன்று உண்டு. 1553 மே மாதத்தில், சீர்திருத்தக் கொள்கை பற்றிய குற்றத்திற்காக ஐந்து இளைஞர் பிரான்சிலுள்ள லியோன் நகரில் எரிக்கப்பட்டனர். சிறையிலிருந்த அவர்களுக்குக் கால்வின் எழுதிய ஆறுதற் கடிதங்கள் உருக்கமானவை. அவ்வாண்டு அக்டோபர் 27-ஆம் நாள், கடவுளின் திரித்துவத்தை மறுத்த செர்வேத்து என்னும் இஸ்பானிய வைத்தியர் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். குற்றம் சாட்டுவித்தவர் கால்வின். எரித்தலை விடுத்து வாளாற் கொல்லுமாறு அவர் வேண்டினர், கொலையை மறுத்தாரில்லை. காஸ்தெல்லியோ என்னும் அறிஞர் அடுத்த ஆண்டே கொள்கை வேறுபாட்டிற்கு உயிர்த்தண்டம் தகாதென்று நூல் வெளியிட்டனர். 1903-இல் கால்வின் மரபினரே அவ்விடத்தில் ஒரு கல் நாட்டி அப்பிழையைக் கடிந்து பொறித்தனர்.

1555-க்குப் பின் எதிர்ப்பு அடங்கிற்று. 1559-இல் ஜெனீவாவில் ஒரு கலாசாலை நிறுவினர். அந்நகரை அத்துணைக் காலம் நடத்தியவர்க்கு நகரக் குடியுரிமை கிடைத்ததும் அவ்வாண்டின் இறுதியிலேதான். தலைநோய், கல்லடைப்பு, வாதம், குருதி கக்கும் மார்புநோய் முதலியன சேர்ந்து வருத்தவும் எழுத்தை நிறுத்தினாரில்லை. படுக்கையிற் கிடந்தபடியே சொல்லி எழுதுவித்தார். 1564 பிப்ரவரி 6-ஆம் நாள் இறுதியாகப் பிரசங்கித்து, மே 27-ஆம் நாள் மாலை ஐம்பத்துநான்காம் வயதில் உயிர்நீத்தார். மறுநாள், அவர் விரும்பியவாறே, ஊர்ப் பொது இடுகாட்டிற் கல்லும் பெயருமின்றிப் புதைத்தனர். சில மாதங் கழித்து அக்கல்லறையைக் காண வந்த அயலூர் மாணவர்க்கு அவ்விடத்தைத் திட்டமாகக் காட்டுவார் ஒருவரும் இல்லை.