நாணயம் காத்த நல்லறிஞர்

நாணயம் என்னும் சொல் தமிழில் பணத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அவ்விரண்டையும் காத்துநின்றவர் சிந்தாமன் துவாரகாநாத் தேஷ்முக். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

1896ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள், கொங்கணப் பகுதியில் ராய்கட் கோட்டைக்கு அருகிலுள்ள நாதே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் முதலிடம் பெற்றார். கேம்பிரிட்ஜில் அவர் கற்றது பொருளியல் அன்று. தாவரவியல், வேதியியல், நிலவியல் ஆகியவையே. 1918இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் முதல்வராகத் தேறி, மத்திய மாகாணத்தில் பணியேற்றார். அங்கு நிதித்துறைச் செயலராகப் பெற்ற பட்டறிவே அவரைப் பொருளியல் வல்லுநராக்கியது.

1939இல் ரிசர்வ் வங்கியில் சேர்ந்த தேஷ்முக், 1943 ஆகத்தில் அதன் ஆளுநரானார். அது இரண்டாம் உலகப்போர்க் காலம். இந்தியாவில் வாங்கிய போர்ப்பொருள்களின் விலையைப் பிரிட்டன் இலண்டனிலேயே பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தது. அவ்வரவை ஈடாகக் கொண்டு இங்கு ரூபாய்த்தாள்கள் வெளியிடப்பட்டன. பணம் பெருகியது, மக்கள் வாங்குதற்குரிய பொருள் பெருகவில்லை. விலைவாசி ஏறியது. வங்கத்தைப் பஞ்சம் வாட்டிய ஆண்டும் அதுவே.

1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் நகரில் உலக நாடுகளின் நிதி மாநாடு கூடியது. கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாருடன் தேஷ்முக்கும் அதில் பங்கேற்றார். பிரிட்டன் தரவேண்டிய கடனுக்கு வழிகாண வேண்டும் என்றும், வளர்ச்சி குன்றிய நாடுகளின் தேவையைக் கருதவேண்டும் என்றும் இந்தியக் குழு வாதிட்டது. அக்கோரிக்கைகள் அன்று ஏற்கப்படவில்லை. எனினும், அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் குரல் உலக அவையில் ஒலித்தது.

1947இல் நாடு பிரிந்தது. ஆயினும், 1948 சூன் 30 வரை இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளுக்கும் ரிசர்வ் வங்கியே மைய வங்கியாக விளங்கியது. பகைமை மூண்டிருந்த அச்சூழலில், இருபுறத்தார்க்கும் பொதுவான நிறுவனத்தை நடத்தும் அரும்பணி அவர் தோளில் அமைந்தது. 1949 சனவரி முதல் நாள் வங்கி நாட்டுடைமையானது. அவ்வாண்டின் நடுவில் அவர் பதவிக்காலம் நிறைவுற்றது.

1950இல் அவர் ஒன்றிய நிதியமைச்சரானார். அவர் காலத்தில்தான் இம்பீரியல் வங்கி, பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, பம்பாய் நகரை மராட்டியத்திலிருந்து பிரித்து ஒன்றிய ஆட்சியின்கீழ் வைக்கும் திட்டம் எழுந்தது. அதனை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. நிதியமைச்சர் பதவியைத் துறந்தார்.

பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் கல்விப்பணி ஆற்றினார். 1982 அக்டோபர் 2ஆம் நாள் ஐதராபாத்தில் மறைந்தார். பதவி தேடிவந்தபோது பொறுப்புடன் ஏற்று, கொள்கைக்கு மாறாக நின்றபோது தயங்காது விடுத்த அவர் வாழ்வில், நாணயம் என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றாயின.