ஒரு சென்ட் பத்திரிகை

மாநகரம் என்றதும் வானளாவிய மாளிகைகளும் வண்ண விளக்குகளுமே நம் கண்முன் தோன்றும். அம்மாளிகைகளின் நிழலில் பசியோடு படுத்துறங்குவோரைப் பற்றி நாளேடுகள் என்றோ ஒரு நாள் எழுதும், மறுநாள் மறந்துவிடும். எழுதியதோடு நின்றுவிடாமல், எழுதிய கையாலேயே உணவும் பரிமாறிய ஒரு பெண்மணியின் வாழ்வை நாம் இங்கே காண்போம். அவர்தாம் டாரதி டே.

இவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தையார் பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்திகள் எழுதி வந்தவர். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கம் அழித்தபோது இவருக்கு எட்டு வயது. குடும்பம் அருகிலுள்ள ஓக்லாந்தில் இருந்தது. வீடிழந்து வந்தவர்களுக்கு அயலார் உணவும் உடையும் வாரி வழங்கியதைச் சிறுமி டாரதி கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவே இல்லை.

1916இல் நியூயார்க்கில் நிருபரானார். ஏழைகளின் குடியிருப்புகளைப் பற்றியும் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றியும் எழுதினார். 1917இல் பெண்களின் வாக்குரிமைக்காக வெள்ளை மாளிகை முன் நின்று சிறை சென்றார். அந்நாளில் அவருக்குக் கடவுள் பற்று இல்லை. மகள் தமார் பிறந்த பின்னரே மனம் மாறிற்று. 1927இல் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்து, அவ்வாண்டு டிசம்பரில் தாமும் திருச்சபையில் சேர்ந்தார். அதற்காகத் தாம் நேசித்த துணைவரையே பிரிய நேர்ந்தது.

1932 டிசம்பரில், வேலையிழந்த மக்கள் வாஷிங்டனில் நடத்திய பசிப் பேரணியைக் குறித்து எழுதச் சென்றார். பசித்து வந்தவர்களை ஏதோ கலகக்காரர்களைப் போலப் பல ஏடுகள் சித்திரித்தன. டாரதியோ நடைபாதையில் நின்று, குறிப்பெடுப்பதைத் தவிரத் தம்மால் வேறொன்றும் செய்ய இயலவில்லையே என வருந்தினார். டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். அந்நகரில் உள்ள அன்னையின் ஆலயத்தில் கண்ணீரோடு வழி கேட்டார். வீடு திரும்பியபோது பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சு நாட்டவர் அவருக்காகக் காத்திருந்தார். ஏழைகளுக்காக ஒரு பத்திரிகையும், ஏழைகள் தங்க விருந்தோம்பல் இல்லங்களும் வேண்டும் என்பதே அவர் கொண்டுவந்த திட்டம்.

சமையலறை மேசையில் பத்திரிகை உருவாயிற்று. அச்சுக்கூலி 57 டாலர். கன்னியர் ஒருவர் கொடுத்த ஒரு டாலரும் அதில் சேர்ந்தது. 1933 மே முதல் நாள் 'கத்தோலிக்கத் தொழிலாளி' வெளிவந்தது. 2,500 பிரதிகள், விலை ஒரு சென்ட். சில ஆண்டுகளிலேயே விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பத்திரிகையில் படித்ததை நம்பி ஏழைகள் கதவைத் தட்டினர். டாரதி கதவைத் திறந்தார். ரொட்டிக்கும் காப்பிக்கும் நாள்தோறும் நீண்ட வரிசை நின்றது.

உலகப் போரின்போது போர் கூடாது என்று எழுதினார். பல பங்குகளும் பள்ளிகளும் பத்திரிகையை நிறுத்தின. வாசகர்கள் குறைந்தார்கள், வரிசையில் நின்றவர்கள் குறையவில்லை. அவர் கொள்கையை மாற்றவுமில்லை, அடுப்பை அணைக்கவுமில்லை.

1956இல், அவரது இல்லம் தீ விபத்துக்கு இடமானது என்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் விதித்தது. செய்தி நாளேட்டில் வந்தது. மறுநாள் வாசலில் நின்றவர்களுள் எளிய உடையணிந்த ஒருவர் ஒரு காசோலையை நீட்டினார். இரண்டரை டாலர் என்றெண்ணி டாரதி அதை வாங்கிக்கொண்டார். பிறகு பார்த்தால் முழு 250 டாலர்! கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் ஆடன். ஒரு செய்தி ஒரு மனிதரை வீட்டை விட்டு எழுந்து வரச் செய்யுமானால், அதுவன்றோ செய்தி!

1970இல் டாரதி கல்கத்தா வந்து அன்னை தெரேசாவைச் சந்தித்தார். 1980 நவம்பர் 29ஆம் நாள், ஏழைப் பெண்களுக்காகத் தாம் அமைத்த இல்லத்திலேயே உயிர் நீத்தார். 2000ஆம் ஆண்டு முதல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அழைக்கிறது.

தோழியரே, நம் வகுப்பிலும் பிடி அரிசி சேர்க்கிறோம். அது யார் வீட்டு உலையில் வெந்தது என்று நாம் ஒருநாளேனும் கேட்டதுண்டா? செய்தித்தாளில் பசியைப் பற்றிப் படித்துப் பக்கத்தைப் புரட்டுவது எளிது. புரட்டுமுன் நம் கதவைத் திறந்து பார்ப்போமாக!