கடல் கடந்த தொண்டர் டாக்டர் கோட்னிஸ்

1937-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜப்பானியப் படைகள் சீனாவின் மீது முழு அளவில் போர் தொடுத்தன. நகரங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. காயமுற்றுக் கிடந்தோருக்குச் சிகிச்சை அளிக்கப் போதிய மருத்துவர்கள் இல்லை. சீனத் தளபதி சூ தே மருத்துவ உதவி வேண்டி ஜவஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். அந்நாளில் பாரதமே அடிமைத் தளையில் இருந்தது; தனக்கென ஓர் அரசோ கருவூலமோ அதற்கு இல்லை. ஆயினும் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1938-இல் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். 22,000 ரூபாய் திரண்டது. ஐந்து மருத்துவர்கள் செல்வதற்கு முன்வந்தனர். தன் வீட்டில் அடுப்பு எரியாத நிலையிலும் அடுத்த வீட்டுப் பசியைக் கேட்டு எழுந்த கருணை இது என்றே சொல்ல வேண்டும்.

அந்த ஐவருள் ஒருவர் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ். 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பிறந்தவர். தந்தையார் ஆலை ஒன்றில் பணிபுரிந்தார். பிள்ளைகள் பலர், வருவாய் குறைவு. அந்த எளிய குடும்பத்திலிருந்து பம்பாய் சென்று சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார் துவாரகாநாத். மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தபோதுதான் சீனத் தூதுக்குழு பற்றிய செய்தி வந்தது. படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெயர் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 28 கூட நிறையவில்லை.

அலகாபாத்தைச் சேர்ந்த டாக்டர் அடல் தலைமை ஏற்றார். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குப் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. நாகபுரியின் சோல்கர், கல்கத்தாவின் பாசு, முகர்ஜி ஆகியோர் மற்ற மூவர். 1938 செப்டம்பரில் கப்பலேறிய குழு சீனாவை அடைந்து சில மாதங்கள் நகரங்களில் பணியாற்றியது. அங்கே அவர்கள் ஒவ்வொருவருக்கும் சீனப் பெயர் சூட்டப்பட்டது. சீன நாட்டைக் குறிக்கும் ‘ஹுவா’ என்னும் சொல் அப்பெயர்களின் இறுதியில் இணைக்கப்பட்டது. கோட்னிஸ் ‘கே திஹுவா’ ஆனார்.

சுங்கிங் நகரிலிருந்து வடக்கே யேனானுக்குப் புறப்பட இருந்த வேளையில், 1939-இன் தொடக்கத்தில், ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தது. தந்தையார் காலமாகிவிட்டார். நண்பர்கள் அவரை ஊர் திரும்புமாறு கூறினர். அவர் இசையவில்லை. எந்தப் பணிக்காக வந்தோமோ அது இன்னும் தொடங்கவே இல்லையே என்பதே அவரது எண்ணம். இம்முடிவைப் போற்றுவது எளிது. ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியைச் செலுத்தியவர்கள் சோலாப்பூரில் இருந்த தாயாரும் உடன்பிறந்தோரும் என்பதை மறந்துவிட்டுப் போற்றலாகாது.

யேனான் பகுதியில் மருத்துவமனை என்பது மலைச் சரிவில் குடையப்பட்ட குகைகளே. ஆண்டு முடிவதற்குள் சோல்கரும் முகர்ஜியும் தாயகம் திரும்பினர். உடல்நலம் குன்றியதால் 1940-இல் அடலும் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய பாசுவும் கோட்னிஸும் ஜப்பானியர் வளைத்திருந்த பகுதிகளைக் கடந்து ஷான்சி, ஹெபெய் எல்லையிலுள்ள மலைக் கிராமங்களை அடைந்தனர். கனடாவிலிருந்து வந்து அதே மக்களுக்கு உழைத்த மருத்துவர் நார்மன் பெத்யூன், அறுவைச் சிகிச்சையின்போது விரலில் ஏற்பட்ட காயத்தில் நச்சேறி 1939 நவம்பரில் அங்கேதான் உயிர் நீத்திருந்தார். பின்னர் பாசு யேனானுக்கு அழைக்கப்பட்டார். கோட்னிஸ் மட்டும் அங்கேயே தங்கினார்.

1940 இலையுதிர்காலத்தில் கடும் போர் மூண்டது. 13 நாட்களில் 800-க்கும் மேற்பட்ட காயமுற்றோர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் 500-க்கும் அதிகமானோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. உறக்கமின்றி இரவும் பகலும் சிகிச்சை தொடர்ந்தது. முற்றுகையால் மருந்து வருவது அரிதாயிற்று. கட்டுத்துணியைத் துவைத்துத் துவைத்து மீண்டும் பயன்படுத்தினர். எதிரிப்படை நெருங்கும்போதெல்லாம் மருத்துவமனையே இடம் பெயர வேண்டியிருந்தது. கிராம மக்களே நோயாளிகளைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்தனர்.

1941 ஜனவரியில், பெத்யூன் பெயரால் அமைந்த சர்வதேச அமைதி மருத்துவமனையின் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். டாங் மாவட்டத்தின் கெகோங் என்ற சிற்றூர் அவரது இருப்பிடமாயிற்று. வந்தபோது ஒரு சொல்லும் அறியாத அவர், இதற்குள் சீன மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் அளவுக்குத் தேர்ந்திருந்தார். ஊராருக்குச் சுரம் என்றாலும் பிரசவம் என்றாலும் அவரே மருத்துவர். குடியானவர்களும் வீரர்களும் உண்ட தினையையே தாமும் உண்டார். அவரது நிறத்தையும் பரிவையும் சேர்த்து ‘கறுப்புத் தாய்’ என்று மக்கள் அழைத்தனர். அயல்நாட்டு ஆண்மகன் ஒருவரைத் தாய் என்று அழைக்க ஒரு கிராமத்துக்குத் தோன்றியதே, அதைவிட வேறு பட்டம் எதற்கு?

அங்கே செவிலியர் கல்வி கற்பித்து வந்த குவோ சிங்லானை 1941-இன் இறுதியில் மணந்தார். 1942 ஆகஸ்டில் மகன் பிறந்தான். அவ்வட்டாரத் தளபதி நியே ரோங்சென் குழந்தைக்கு ‘யின்ஹுவா’ என்று பெயரிட்டார். ‘யின்’ என்பது இந்தியா. ‘ஹுவா’ என்பது சீனா. சீனப் பொதுவுடைமைக் கட்சியிலும் அவ்வாண்டு அவர் சேர்ந்தார்.

இவ்வளவுக்கும் இடையே அவர் உடல் தேய்ந்துகொண்டிருந்தது. வலிப்பு நோய் அவ்வப்போது தாக்கிற்று. வேறிடம் சென்று சிகிச்சை பெறுமாறு தளபதி வற்புறுத்தியும் அவர் செல்லவில்லை. பிறருக்கு ஓய்வைப் பரிந்துரைத்த மருத்துவர் தமக்கு அதை ஒருநாளும் எழுதிக்கொள்ளவில்லை. இரவுகளில் விளக்கின் முன் அமர்ந்து மாணவர்களுக்காகச் சீன மொழியில் அறுவைச் சிகிச்சை நூல் எழுதி வந்தார். ஒரு பகுதி முடிந்தது. அடுத்தது பாதியில் நின்றது. 1942 டிசம்பர் 9-ஆம் நாள், கடுமையான வலிப்பு தொடர்ந்து வந்து அவர் உயிர் பிரிந்தது. வயது 32. மகனுக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லை.

ஓராண்டுப் பணிக்கெனச் சென்ற ஐவருள் அவர் ஒருவரே திரும்பவில்லை. பாசு 1943-இல் தாயகம் வந்தார். கோட்னிஸின் வரலாற்றை குவாஜா அகமது அப்பாஸ் நூலாக எழுத, 1946-இல் வி. சாந்தாராம் அதைத் திரைப்படமாக்கித் தாமே கதாநாயகனாக நடித்தார். சீனா 1982-இலும் பாரதம் 1993-இலும் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டன. ஷிஜியாஜுவாங் நகரின் தியாகிகள் நினைவிடத்தில் பெத்யூனின் கல்லறையும் அவர் கல்லறையும் உள்ளன.

யின்ஹுவா தந்தையின் வழியில் மருத்துவம் பயின்றார். படிப்பு நிறைவெய்தும் தறுவாயில் 1967-இல் மறைந்தார். குவோ சிங்லான் பலமுறை பாரதம் வந்து, கணவர் திரும்பி வராத இல்லத்தாரோடு உறவைப் பேணினார். 2012-இல் அவர் காலமானார்.