சதாவதானத்தைத் துறந்த ஸ்ரீமத் ராஜசந்திரர்

தசலட்சணப் பருவத்தின் இரண்டாம் நாள் உத்தம மார்தவத்திற்கு உரியது. மார்தவமாவது செருக்கு நீங்கிய உள்ளத்தின் மென்மை. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மானத்தை வெல்லும் வழி அதுவே. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்வகைச் செருக்கை எடுத்துரைக்கும்போது அறிவுச் செருக்கை முதலில் வைத்துள்ளார். கற்றவர்க்கு அதுவே நீக்குதற்கரியது. அதனை இருபது வயதிலேயே இனங்கண்டு விலக்கிய இல்லறத்தார் ஒருவரின் வரலாற்றை இங்கே நினைவுகூர்வோம்.

சௌராட்டிரத்தில் மோர்பி நகரை அடுத்த வவாணியா, நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம் போன்றதொரு சிறு கடற்கரையூர். அங்கே 1867ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பௌர்ணமியன்று, ரவ்ஜிபாய் மேத்தா, தேவபாய் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் ராய்சந்த். பின்னாளில் ஸ்ரீமத் ராஜசந்திரர் எனப் போற்றப்பட்டவர் இவரே. பாட்டனார் கண்ணனை வழிபட்டவர். தாயார் சமண நெறியில் வளர்ந்தவர். ஏழு வயதில், ஊரில் பழகிய ஒருவர் பாம்பு தீண்டி இறக்க, அவர் உடல் எரிவதைச் சிறுவர் மரத்தின் மேலேறிக் கண்டார் என்றும், அப்போது முற்பிறவி நினைவு எழுந்தது என்றும் அவர் வரலாறு கூறும்.

ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் அவருக்கு இருந்தது. பள்ளிப் பாடங்களை வெகு விரைவில் முடித்தார். பதின்மூன்று வயது முதல் தந்தையின் கடையில் துணைநின்றார். பதினாறாம் வயதில் நூற்றெட்டுப் பாடங்கள் கொண்ட மோட்சமாலையை இயற்றினார்.

அவதானக் கலை தமிழர்க்குப் புதியதன்று. செய்குத்தம்பிப் பாவலரின் சதாவதானம் நாம் அறிந்ததே. பலர் இடையிடையே தொடுக்கும் வினாக்கள், பாட்டின் ஈற்றடி, கணக்கு, மணியோசை, சதுரங்க ஆட்டம் ஆகியவற்றை ஒரே வேளையில் மனத்தில் தாங்கி, இறுதியில் ஒன்றும் பிழையாது விடை சொல்வது அக்கலை. மோர்பியில் ஒரு பண்டிதர் அட்டாவதானம் செய்யக் கண்ட ராய்சந்த், தாமும் அதில் இறங்கினார். எட்டு, பன்னிரண்டாயிற்று, பின்னர்ப் பதினாறாயிற்று, ஐம்பத்திரண்டாயிற்று. 1887ஆம் ஆண்டு பம்பாயில் பிராம்ஜி காவஸ்ஜி மண்டபத்தில், அறிஞர் நிறைந்த அவையில், நூறு அவதானங்களை நிகழ்த்தினார். பொற்பதக்கம் கிடைத்தது. நாளிதழ்கள் புகழ்ந்தன. சரஸ்வதியே வந்தாற்போல என்று பட்டமளித்தனர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சார்லஸ் சார்ஜண்ட், அவரை ஐரோப்பாவுக்குச் சென்று ஆற்றலைக் காட்டுமாறு அழைத்தார். அக்காலத்து இந்திய இளைஞர்க்கு அதனினும் பெரிய வாய்ப்பு எது? ராய்சந்த் மறுத்துவிட்டார். சிறிது காலத்தில் பொது அரங்குகளில் அவதானம் செய்வதையும் அடியோடு நிறுத்தினார். ஆன்ம முன்னேற்றத்திற்கு அது தடையாகும் என்பதே அவர் கண்ட முடிவு.

தோற்றவர் போட்டியைத் துறப்பது உலக இயல்பு. வென்றுகொண்டிருப்பவர் துறப்பது அரிது. எட்டு என்பது நூறாக வளர்ந்தபோது, அடுத்த எண்ணை எதிர்நோக்கும் கண்களும் வளர்ந்தன. ஒரு வெற்றியின் மகிழ்ச்சி அடுத்த அரங்கு வரையில்தான் நிற்கும். அதன்பின் அதனைக் காத்துக்கொள்ளும் அச்சம் தொடங்கும். பிறர் கண்களில் தன்னைக் கண்டு பழகியவன் தன்னுள் நோக்கும் பழக்கத்தை இழக்கிறான். மான கஷாயம் உயிரைப் பிணிக்கும் வகை இதுவே.

அரங்கை விட்டவர் உழைப்பை விடவில்லை. 1888இல் திருமணம் செய்துகொண்டு, பம்பாயில் ரேவாசங்கர் ஜகஜீவனுடன் கூட்டாக முத்து, வைர வாணிகம் நடத்தினார். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். தாம் அறிந்த ஐரோப்பியச் சொற்களையெல்லாம் கூற, ராய்சந்த் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். ஆயினும் காந்தியடிகளை ஆட்கொண்டது அந்நினைவாற்றலன்று. அவருடைய சாத்திர அறிவும், மாசற்ற ஒழுக்கமும், தன்னை அறியும் தணியாத வேட்கையுமே. பெரும் பேரம் முடிந்த அடுத்த கணமே ராய்சந்த் சமய நூலையோ தம் குறிப்பேட்டையோ திறப்பதைக் காந்தியடிகள் கண்டு வியந்தார்.

விலையேற்றத்தால் தமக்குப் பேரிலாபமும் எதிர்த்தரப்பு வணிகர்க்குப் பெருநட்டமும் நேரவிருந்த ஓர் ஒப்பந்தத்தை, அவ்வணிகரின் துயர் கண்டு ராய்சந்த் கிழித்தெறிந்தார் என்ற நிகழ்ச்சியும் பலராலும் சொல்லப்படுகிறது.

இத்துறவு அவருக்கு எளிதாக அமைந்ததென எண்ணலாகாது. புகழை ஒரே வீச்சில் உதறியவர், வாணிகத்தின் சுமையைப் பல்லாண்டு தாங்கினார். அந்நாளைய அவர் கடிதங்களில் அந்த வேதனை வெளிப்படையாகத் தெரிகிறது. 1896இல் நடியாத் நகரில் 142 செய்யுள்கள் கொண்ட ஆத்ம சித்தியை ஒரே அமர்வில் இயற்றினார். தன் மதப்பிரிவே உயர்ந்ததெனப் பற்றிநிற்பவரை மதார்த்தி என்றும், ஆன்மாவையே நாடுபவரை ஆத்மார்த்தி என்றும் அந்நூலில் வேறுபடுத்தினார். சமயத்திலும் போட்டி புகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சுவேதாம்பரக் குடும்பச் சூழலில் வளர்ந்த அவர், திகம்பர ஆசாரியர்களின் நூல்களைப் பெரிதும் போற்றினார். நம் பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் வணங்கும் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குஜராத்தியில் பெயர்த்தார். அவர் தூண்டுதலால் தோன்றிய பரமசுருத பிரபாவக மண்டலம் இருபிரிவு நூல்களையும் பதிப்பித்தது. நிர்க்கிரந்தத் துறவு பூணும் வேட்கை நிறைவேறுமுன் நோயுற்று, 1901 ஏப்ரல் 9 அன்று ராஜ்கோட்டில் உடல் நீத்தார். வயது முப்பத்து மூன்று.

இன்று நம் இல்லங்களில் தேர்வு முடிவு வந்தவுடன், பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு முன்னே உறவினர் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். பிள்ளைகள் நன்கு கற்கட்டும். முயற்சி சிராவகர்க்கு விலக்கன்று. பிறரைக் கீழே தள்ளி நாம் மேலே நிற்கும் அளவுகோலைத்தான் கைவிட வேண்டும்.

கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து உள்நாட்டே சென்றால், அதே மாவட்டத்தில் சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பாட்டம் உள்ளது. அங்கே நம் முனிவர்கள் கிடந்த கற்படுக்கைகள் ஒருவர் உடல் அளவே கொண்டவை. யாரையும் முந்துவதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகளுடன் அங்குச் செல்லும் குடும்பங்கள், அப்படுக்கைகளின் அருகே சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து, நூறு அவதானங்களை விட்டுத் தன்னொருவனை அறியப் புகுந்த இப்பெரியாரையும் நினைப்பார்களாக.

அறம் வளர்க!