டேவியும் செப்புத் தகடும்

இங்கிலாந்து நாட்டின் பென்சான்சு நகரில் 1778ஆம் ஆண்டில் பிறந்தவர் சர் ஹம்பிரி டேவி. இளமையில் தந்தையை இழந்த அவர், தம் முயற்சியால் வேதியியற் பேரறிஞராய் உயர்ந்தார்.

அந்நாளில் மரக்கலங்களின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் போர்த்துவர். கடல்நீர் அதனை அரித்துவந்தது. இதற்குத் தீர்வு காணுமாறு கடற்படையார் டேவியை வேண்டினர். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு உப்புநீரில் இருப்பின், வினைத்திறன் மிக்கது தான் அரிபட்டு மற்றதைக் காக்கும். இவ்வுண்மையைக் கொண்டு, செம்பின்மேல் துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளைப் பொருத்தினார். 1824ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார்.

செம்பு தேயவில்லை. ஆயின், உயிர்களைக் கொல்லும் செப்பு நஞ்சு நீரிற் கரையாது போகவே, சிப்பியும் பாசியும் ஒட்டி வளர்ந்து கப்பலின் விரைவைக் குறைத்தன. கடற்படையார் அம்முறையைக் கைவிட்டனர். 1829இல் டேவி ஜெனிவாவில் காலமானார். எனினும், இன்று எஃகுக் கப்பல்களைத் துத்தநாகக் கட்டிகள் காப்பது அவர் கண்ட நெறியாலேயே ஆகும். மெய்யறிவு ஒருகால் தோற்பினும் அழிவதில்லை.